இரண்டு வீடும் ஒரு கிணறும்

வாடகைக்கு விட வீடு வாங்கப் போறன் எண்டதும் வங்கியில வேலை செய்யிற சிநேகிதி சொன்னவள்: "முதல் ஒண்டை வாங்கி விட்டுப் பாரடி. எடுத்த எடுப்பில ரெண்டு வாங்க உனக்கென்ன விசரே?"

ஓம், விசர்தான். பதினைஞ்சு வருசமாப் பிடிச்ச விசர்.

பரந்தனில ஒரே வளவில மூண்டு வீடு. முன்வீட்டில எங்களிட்ட வாடகை வாங்கின ஆள் இருந்தார். பின்னால ரெண்டும் கனடாவில இருக்கிற அவரின்ர தங்கச்சிமாருக்குச் சீதனமாக் குடுத்தது. சண்டை முடிஞ்சு மீள்குடியேறி வந்த நேரம், மலையகத் தேயிலைத் தோட்டத்தைப் பூர்வீகமாக் கொண்ட நாங்கள் அதில ஒண்டில வாடகைக்கு இருந்தம். அந்தப் பக்கம் நல்ல தண்ணிக்கு அந்த வளவுக் கிணறு ஒண்டுதான், மிச்சமெல்லாம் உவர். முதல் நாள் அம்மா வாளியோட போக, "தோட்டக்காட்டு ஆக்கள் கயித்தைத் தொடக்கூடாது. வாளியைக் கிணத்தடி மதிலுக்கு வெளியால வை" எண்டார். தானே அரை வாளி ஊத்திப்போட்டு, "மிச்சத்துக்கு நாளைக்கு வா" எண்டார். "சரிங்கய்யா" எண்டு அம்மா தூக்கிக்கொண்டு வந்தா. அங்க இருந்த காலம் முழுக்க இதே கதைதான். வாடகையை எங்கட கையால வாங்க மட்டும் அவருக்குத் தீட்டில்லை!

நான் தாதியாகிச் சம்பளம் எடுக்கத் தொடங்கினாப் பிறகு, தங்கச்சிமார் ரெண்டு வீட்டையும் விக்கினம் எண்டு கேள்விப்பட்டன். காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தன். கிணறு தங்கச்சிமாரின்ர சீதனத்திலதான் எழுதியிருந்தது, ஆளுக்குப் பாதி. தமையனுக்கு ஒரு சொட்டும் இல்லை! அண்ணன் எண்ட உரிமையில அள்ளினவர், உறுதியை ஒருநாளும் பிரிச்சுப் பார்க்கேல்லை. ஒரு வீட்டை மட்டும் நான் வாங்கினால் மற்றதை அவர் வாங்கிப் பாதிக் கிணத்தை அமத்திப்போடுவார். அதுதான் கடன்பட்டு ரெண்டையும் சேத்து வாங்கினனான்.

எழுதி முடிஞ்ச அண்டே அவரின்ர தண்ணி மோட்டரைக் கழட்டி அவரின்ர வாசல்ல வச்சன். ரெண்டு வீட்டையும் எங்களைப் போல மலையகத்தால வந்த ரெண்டு குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுத்தன். அவையள் ஆசை தீர அள்ளிக் குளிச்சினம். பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

மூண்டாம் நாள் விடிய அவரே வாளியோட வந்தார். கிணத்தைப் பார்க்கவெண்டு என்னோட வந்த அம்மா கிணத்தடியில நிண்டா. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஆரும் முகம் வாடினாலே இளகிற மனுசி, இவ்வளவு பாடுபட்டு வாங்கினதை "பாவம்" எண்டு சொல்லி விட்டுக்குடுத்திடுவாவோ?

அம்மா கயித்தைப் பிடிச்சு அள்ளினா. மதிலுக்கு வெளியால அவர் வச்ச வாளியில அரைவாசி ஊத்தினா.

"மிச்சத்துக்கு நாளைக்கு வா" எண்டா.