மிளகாய்த் தட்டின் அடியில் கிடந்த பாதிச் செய்தி

பேப்பரக்கா, உன்னைப் பற்றிய செய்தி மட்டும்தான் நம் கடைக்குச் சுடச்சுட வந்தது.

மற்ற எந்தச் செய்தியும் மூன்று நான்கு மாதம் ஆறாமல் வந்ததில்லை. நீ போன செய்தி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. பக்கத்துக் கோப்பிக் கடைச் சீன முதலாளி, தவுக்கே, கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். சிரம்பானிலிருந்து உன் தம்பி டெலிபோனில் கூப்பிட்டாராம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. படுக்கையில் கிடந்து இன்னொருவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது ஒன்றைத்தான் நீ உனக்கென்று கேட்டாய். அது கிடைத்துவிட்டது.

அக்காவைத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காஜா பேராங் தெருவில் டோபிக் கடை வைத்திருந்த சிவகாமி அக்காவுக்குப் பேப்பரக்கா என்ற பெயர் வந்தது பொட்டலம் கட்டுகிற பழைய பேப்பரால். இஸ்திரி போட அவளுக்குத் துணையாக இருந்தவள் நான். காலையில் முதல் வேலை, பழைய தமிழ்ப் பேப்பர்களை அடுக்கிக் குறுக்கே வெட்டுவது. முழுத் தாள் காற்சட்டைக்கும் சாரோங் கைலிக்கும், பாதித் தாள் சட்டைக்கு. துணியை வைத்து மடிக்கும் முன் அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதை அக்கா சத்தமாக வாசிப்பாள். கல்யாணச் செய்தி, ரப்பர் விலை எல்லாம் ஒரு வரியோடு சரி. புதிதாக ஒரு மெஷின், புதிதாக ஒரு மருந்து, ஆகாயத்தில் ஏதாவது பறந்தது என்றால் மட்டும் இஸ்திரிப் பெட்டியில் கரி ஆறிப்போகும் வரை பேசுவாள்.

"பழைய பேப்பர்ல என்னக்கா புதுசா இருக்கப்போவுது" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ இன்னும் கேக்கலல்ல? அப்ப உனக்கு அது புதுசுதான்" என்றாள்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் உருண்டை ஒன்றை விட்டிருக்கிறான், அந்தி நேரத்தில் நட்சத்திரம் மாதிரி போகும் என்று ஒரு தாளில் இருந்தது. அக்கா எங்களை எல்லாம் வாசலில் நிறுத்திவிட்டாள். நான்கு நாள் சாயங்காலம் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். தவுக்கேகூட நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் சட்டை வாங்க வந்த தெங்கேரா வீட்டுக் குமாஸ்தா, கிராணி என்போம், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது எரிஞ்சு விழுந்து மாசக்கணக்காச்சும்மா. நீங்க எதப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"எரிஞ்சா எரியட்டும் தம்பி. வருஷம் பூரா குனிஞ்சே பொட்டி போட்ட கழுத்து. நாலு நாள் அண்ணாந்ததுல சுளுக்கு விட்டுருச்சு. அதுக்கு ரஷ்யாக்காரனுக்கு ஒரு கும்புடு."

பிறகு நாய் ஒன்றை ஏற்றி அனுப்பிய செய்தி வந்தது. அன்று அவள் சிரிக்கவில்லை. "எப்படி எறக்குவாங்கன்னு போடவே இல்ல பாரு" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இனிச் சொல்லப்போவது நான் யாரிடமும் சொல்லாதது. சொல்வதற்கு இப்போது பயமில்லை.

என் மகள் செல்விக்குப் பதினேழு வயதில் இருமல் வந்தது. பிறகு கைக்குட்டையில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, காசம் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வார்டில் இருக்க வேண்டியிருக்கும், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அவள் அப்பா தவறிய பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். வார்டுக்குப் போன பக்கத்து லய வரிசை வீட்டுப் பெண் திரும்பி வராததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் காசம் என்று தெரிந்தால், என் கை பட்ட துணியை யார் வாங்குவார்கள்? என் வேலை போகும். அக்காவின் கடையும் போகும். அதனால் ஆஸ்துமா என்று சொல்லிவைத்தேன். செல்வியின் துணிகளை எல்லோரும் போன பிறகு தனிச் சட்டியில் அவித்தேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் அக்கா ஒரு பாதித் தாளை எடுத்து வாசித்தாள். மெட்ராஸில் காச நோய்க்காரர்கள் பாதிப் பேரை ஆஸ்பத்திரியிலும், பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்களாம். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதே மாதிரி குணமானதாம். "வீட்டில் அவர்களோடு கூட இருந்தவர்களுக்கு" என்று வாசித்தவள் நிறுத்தினாள். தாள் அங்கே வெட்டுப்பட்டிருந்தது.

கூட இருந்தவர்களுக்கு என்ன ஆனது?

கருகிய வாடை வந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் அப்படியே நின்றிருந்தது. அக்கா பெட்டியைத் தூக்கி வைத்தாள். சட்டையைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள்.

"மாரி, இதோட மறுபாதி எந்தப் பொட்டலத்துல போச்சு?"

"தெரியலக்கா. காலைல ரெண்டு சட்டப் பொட்டலம்தான் போச்சு."

"செருப்ப மாட்டு."

பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு நடந்தோம். முதலில் தெங்கேராவில் கிராணி வீடு. அவர் மனைவி அலமாரித் தட்டில் விரித்திருந்த தாளை உருவிக் கொடுத்தாள். அது படகுச் சாமான் விளம்பரம். திரும்பி வந்து செட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குள் நுழைந்தோம். அங்கிருப்பவர்கள் நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள், பேச்சு மட்டும் மலாய். இரண்டாவது பொட்டலம் போன வீட்டு அம்மா பதறிவிட்டார்.

"என்ன, மாத்திக் குடுத்துட்டீங்களா? என் மருமகன் அந்தச் சட்டையப் போட்டுட்டுப் போயிட்டாரே" என்றார் மலாயில்.

"சட்டை வேண்டாம்மா, சுத்துன பேப்பர் வேணும்" என்றாள் அக்கா.

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். வாசலில் மிளகாய் காயும் தட்டைத் தூக்கினார். தாள் அதன் அடியில் கிடந்தது. அக்கா மிளகாய் விதைகளைத் தட்டிவிட்டு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு நிதானமாக வாசித்தாள்.

"வீட்டில் அவர்களோடு கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவில்லை. மருந்தை ஒருநாளும் தவறாமல் சாப்பிட வேண்டும்."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய்க் காரம் வேறு. இரண்டு பாதிகளையும் மடித்து என் கையில் வைத்தாள்.

"அக்கா, என் செல்விக்கு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். தனிச் சட்டில துணி அவிக்கிறவள எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். மூக்கத் தொடச்சுக்க. நாளைக்கே டாக்டரப் பாப்போம்."

டாக்டர் மலையாளி. தமிழ் பேசுவார், படிக்க வராது. அக்கா விஷயத்தைச் சொன்னதும் தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இது ரொம்பப் பழைய பேப்பரா இருக்கே."

"நோயும் பழசுதான் டாக்டர்" என்றாள் அக்கா.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நானும் அதை இங்கிலீஷில் படித்திருக்கிறேன், உண்மைதான் என்றார். என் நெஞ்சையும் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. வாரம் தவறாமல் வருவதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். செல்வியின் படத்தை வெளிச்சத்தில் காட்டி, இந்த வெள்ளைதான் நோய் என்று விளக்கினார். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "எத்தன வருஷமா வெள்ள வெள்ளன்னு உயிர விட்டிருக்கேன். வெள்ளைய வேணாம்னு நெனச்சது இன்னிக்குத்தான்."

மாத்திரைகள் கை நிறைய இருக்கும். தினமும் காலையில் கடைக்குப் போகும் வழியில் அக்கா என் வீட்டில் ஏறுவாள். செல்வி விழுங்கும் வரை எதிரே நிற்பாள். "நாக்கத் தூக்கு, பாப்போம்" என்பாள். பிறகு ஒரு துண்டு குலா மலாக்கா வெல்லம் கொடுப்பாள். மழைக்கும் நின்றதில்லை, தீபாவளிக்கும் நின்றதில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. கடைசிப் படத்தில் அந்த வெள்ளை இல்லை. அக்கா அதை இரண்டு கையாலும் ஜன்னலில் தூக்கிப் பிடித்து, சட்டைக் காலரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "கறை போயிருச்சு" என்றாள். அன்று ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு லேசாக என் உடம்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

செல்விக்கு இப்போது செங் என்ற ஊரில் வீடு. ஒரு மகன். புதுப் பேப்பர் வாங்குகிறார்கள். மனிதனையே ஆகாயத்தில் சுற்றிவிட்டு இறக்கியும்விட்டார்கள் என்று அவள்தான் ஒருநாள் வந்து சொன்னாள். நீ அப்போது தம்பியோடு இருக்கச் சிரம்பானுக்குப் போய்விட்டாய். அந்த நாயை நினைத்துக்கொண்டேன்.

நீ போன அன்று சிரம்பானுக்குக் கிளம்ப வெள்ளைச் சேலையை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் அந்த இரண்டு பாதிகளும் இருந்தன. இத்தனை வருஷமும் சாமி படம் மாதிரி வைத்திருந்தேனே தவிர, பிரித்துப் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உன் குரலையே இன்னொரு தடவை கேட்பது போலிருக்கும் என்று இரண்டையும் தரையில் வைத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தேன். சேரவில்லை. மிளகாய்க் கறை படிந்த தாளில் பள்ளிக்கூடக் கயிறு இழுக்கும் போட்டி இருந்தது. திருப்பினேன். தலைவலித் தைலம்.

மடித்து மறுபடியும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், சாயங்காலம் வாசலில் அண்ணாந்து பார்க்கிற பழக்கமும்தான். கோபம் இல்லை. டாக்டரும் உண்மை என்றார், பெண்ணும் பிழைத்தாள். ஆனால் மிளகாய் காய்ந்த அந்த வாசலில், ஒரு சொல்கூட மாறாமல் இரண்டு தடவை வாசித்தாயே, எதைப் பார்த்து வாசித்தாய் அக்கா?