பென்டில் ஹில் மைதானத்தில் எனக்கு எதிரான தீர்ப்பு

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் கரீபியன் தீவு ஒன்றிலிருந்து சட்டம் படிக்க வந்தவன். அவனுடைய ஊர்க்காரர்கள் எல்லாம் லண்டனுக்குப் போக, இவன் மட்டும் குளிருக்குப் பயந்து இங்கே வந்தானாம். ஆறடிக்கு மேல் உயரம், வாசலை அடைக்கும் தோள். ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால்கூட, பரிசோதகர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்வரை வாதாடுவான்.

எனக்கு அப்போது வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். எங்கள் இலங்கைத் தமிழர் கிரிக்கெட் அணியில் ஒரு முறையாவது விளையாடிவிட வேண்டும். இரண்டு வருடமாக நான் தண்ணீர் வாளி தூக்குகிறவன். கப்டன் எங்கள் எல்லோருக்கும் அண்ணை. அவர் என் பெயரைக் கடைசியில், அதுவும் பென்சிலால் எழுதுவார். வேறு ஆள் வந்தால் அழிக்க லேசு.

மலேசியத் தமிழ் மாணவர்களோடு மாட்ச் வந்தது. அவர்களிடம் ஏற்கெனவே மூன்று முறை உதை வாங்கியிருந்தோம். நான் அண்ணையிடம் போனேன்.

"என்ரை வீட்டிலை ஒரு கரீபியன்காரன் இருக்கிறான். கூட்டிக்கொண்டு வாறன். ஆனா எனக்கும் ஒரு இடம் வேணும்."

அண்ணையின் கண் விரிந்தது. "வேகமாய்ப் போடுவானோ?"

"என்ன அண்ணை கேக்கிறியள்? அந்தப் பக்கத்து ஆக்கள் பிறக்கேக்கையே கையிலை பந்தோடை பிறக்கிறவை!"

என் பெயரை அன்று பேனாவால் எழுதினார். சத்தியமாகச் சொல்கிறேன், பந்து போடுவாயா என்று நான் அவனிடம் கேட்கவே இல்லை. மீனிடம் போய் நீந்தத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? அவனும் மதியச் சாப்பாடு உண்டா என்று மட்டும்தான் கேட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தபோது, எதிரணிப் பையன் ஒருவன் பயத்தில் சட்டைக்குள் துவாய்த் துண்டைச் செருகிக்கொண்டான். முதல் பந்து எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போய் மரத்தில் சிக்கியது. அதை இறக்கிக் கொடுத்தோம். இரண்டாவது அவன் காலிலேயே விழுந்தது. மூன்றாவது, பக்கத்தில் ஒரு குடும்பம் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குள் போனது. அடப்பாவி! பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிதான் அவனுக்கு விளையாட்டாம். அதை அப்போதுதான் சொன்னான்.

மலேசியர்களின் பெரியவர் ஒருவர் அம்பயராக நின்று, வைட் என்று கையை விரித்தார். இவன் விடவில்லை. எந்த விதி, அதில் எந்தப் பிரிவு, முன்பு யாருக்காவது அப்படித் தீர்ப்பு வந்திருக்கிறதா என்று கால் மணி நேரம் அவரைக் குறுக்கு விசாரணை செய்தான்.

"ஐயோ, ஆள விடுப்பா! நீயே நின்னுக்க!" என்று அவர் தமிழிலேயே கத்தி, வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டார்.

அவன் உடனே ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று பேசத் தொடங்கினான். நேரத்துக்குத் தேநீர், எல்லோருக்கும் ஒரே சட்டம், மழையே வராது. இரண்டு அணியும் கை தூக்கி அவனை அம்பயராக்கின. இனி இவன் பந்து போடமாட்டான் என்ற சந்தோஷத்தில் முதலில் கை தூக்கியது எங்கள் அண்ணைதான். தேநீர் வரவேயில்லை.

பின்னேரம், எங்களுக்கு இன்னும் இரண்டு ஓட்டம் தேவை. கடைசி ஆள் நான். முதல் பந்து என் காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். அந்தப் பந்து ஸ்டம்பில் பட வாய்ப்பே இல்லை, ஒரு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். என்னைப் பார்த்தான். நம்ம ஆள்தானே என்று நான் கண்ணடித்தேன்.

விரலைத் தூக்கிவிட்டான்! தூக்கியதோடு நிற்காமல், காரணங்களையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினான். "உனக்கு இனி வீட்டில் என் மீன் குழம்பு கிடையாது!" என்று நான் கத்தியதையும் பொருட்படுத்தவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. அடுத்த கிழமையிலிருந்து பழையபடி வாளி.

அவன் தன் தீவுக்குத் திரும்பிப் பெரிய வக்கீலானான், தேர்தலில் நின்று மந்திரியானான், பிறகு நீதிபதியானான். எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த மூன்றையும் அதே வரிசையில் ஒரே சனிக்கிழமையில் பார்த்தவன் நான். பல வருடங்களுக்குப் பிறகு வாழ்த்து எழுதி, அந்தப் பந்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டேன்.

பதில் வந்தது. "நீ அவுட் இல்லை. நீ கண்ணடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, கோபத்தில் விரலைத் தூக்கினேன். தூக்கிய உடனே பிழை என்று தெரிந்தது, இறக்கத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கோபம் வந்த நாளில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அது உன்னால்தான்."

நான் சமையலறையில் நின்றபடியே அதை நாலு தரம் படித்தேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். மடித்து என் கையில் தந்தார்.

"உவர் அந்தத் தீவுக்குத்தானே நீதிபதி? இஞ்சை செல்லாது. நீ அவுட்."