எண்பத்திரண்டு சகாயம்

வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று. தீப்பெட்டி அளவு சென்சார் மூன்றையும் கட்டி, மூன்றிலும் நீல விளக்கு மினுக்குகிறதா என்று குனிந்து பார்த்து, நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டு, மைசூர் மைன்ஸ் மைதானத்தில் சகாயம் ஓடத் தொடங்கும்போது மணி ஆறு பத்து. ஆறு ஒன்பது இல்லை, ஆறு பதினொன்றும் இல்லை. எட்டு ஆரஞ்சு கோன்களுக்கு நடுவே புகுந்து, வளைந்து, கடைசிக் கோனில் சட்டென்று நின்று திரும்பி, அதே மாதிரி வளைந்து வந்து சேருவார். வயது ஐம்பத்து மூன்று. எந்தப் போட்டிக்கும் போகிறவர் இல்லை. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஓட்டம்.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய அதிகாரி பங்களா ஒன்றில் நடக்கிற தனியார் பயிற்சி மையம் அது. கபடியும் ஹாக்கியும் கால்பந்தும் ஆடுகிற பிள்ளைகளுக்குச் சென்சாரைக் கட்டி ஓடவிட்டால், யார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார்கள், நிற்கும்போது எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, சுறுசுறுப்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று கம்ப்யூட்டர் மார்க் போட்டுவிடும். சென்சாருக்குச் சார்ஜ் போடுவது, பட்டை கட்டிவிடுவது, கோன் அடுக்குவது எல்லாம் சகாயத்தின் வேலை.

நான்கு வருஷத்துக்கு முன்பு மெஷினோடு வந்த இன்ஜினியர், தினமும் ஒரே மாதிரி ஓடுகிற ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். மையத்தில் இருந்த அத்தனை பேரும் யோசிக்காமல் சகாயத்தைக் கைகாட்டினார்கள். பத்து முறை ஓடவிட்டுச் சராசரி எடுத்தார். எண்பத்திரண்டு வந்தது. அன்றிலிருந்து அதுதான் அளவு. காலையில் சகாயம் ஓடி எண்பத்திரண்டு வந்தால் மெஷின் ஒழுங்கு. குறைந்தால் மெஷினில் கோளாறு. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் அன்றைக்கு ஓடுகிற எல்லோருக்கும் கூட்டிப் போட வேண்டும் என்பது விதி. ஊரில் அவர் பேரே எண்பத்திரண்டு சகாயம் என்று ஆகிவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

ஓட்டம் எங்கே கற்றது என்று கேட்டால் பங்காருபேட்டை ஸ்டேஷனைச் சொல்வார். பதினேழு வருஷம் பெங்களூருக்குச் செக்யூரிட்டி வேலைக்குப் போய்வந்தவர். மூட்டை, கூடை, காலை நீட்டித் தூங்குகிற ஆள், டீ வாளி எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து வண்டி மாறியே பழக்கம். ஒரு நாள்கூட வண்டியை விட்டதில்லை. "அங்க டீக்காரன், இங்க கோனு. அவ்ளோதான் வித்தியாசம்" என்பார். புதிதாக யார் வந்தாலும் தன் வேலையைப் பற்றி ஒரு விளக்கமும் உண்டு. "எங்கப்பா காலத்துல சொரங்கத்துல ஷிஃப்ட்டு எறங்கறதுக்கு முன்னாடி ஆளு எறங்கற கூண்டு, அந்தக் காலி கேஜை ஒருவாட்டி கீழ உட்டு மேல எடுப்பாங்க. அப்பறந்தான் ஆளு ஏறணும். இங்க காலி கேஜு நான்தான்." காலி என்கிற இடத்தில் பெருமையாக நெஞ்சைத் தட்டிக்கொள்வார். யாரும் சிரிக்கக்கூடாது.

இரண்டாம் வருஷம் எண்பது வந்தது. சென்சாரைப் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கோளாறு ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. மூன்றாம் வருஷம் எழுபத்தெட்டு. மறுபடியும் பெட்டி, மறுபடியும் அதே பதில். தங்கம் எடுத்துக் கொட்டிய மண், அந்தச் சயனைடு மேட்டுத் தூசி உள்ளே போகிறது என்றார் ஒருவர். தரை சரிகிறது என்றார் இன்னொருவர். கொத்தனாரைக் கூப்பிட்டு மட்டம் பார்த்தார்கள். பட்டையை மாற்றினார்கள், கம்ப்யூட்டரை மாற்றினார்கள். இந்த வருஷம் எழுபத்தாறு. சகாயத்தைக் கொஞ்சம் பார்க்கலாமே என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை. நான்கு வருஷத்தில் ஒரு நாள் லீவு போடாத மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்?

சகாயத்துக்குத் தெரியும். மெஷின் சொல்வதற்கு முன்னாலேயே முட்டி சொல்லிவிடுகிறது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்த அவர் மனைவி ஈவ்லின் நடுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தண்ணிக் கொடம் எட்டும் இங்க இன்னாங்க பண்ணுது?"

"ப்ராக்டீஸு."

"எதுக்கு?"

"மிஷினு மறுபடியும் ரிப்பேர் ஆயிடக்கூடாதுன்னுதான்."

ஈவ்லின் குடங்களை எடுத்து வைத்துவிட்டு, தைலத்தைக் கொண்டுவந்து முட்டியில் தேய்த்தார். "மிஷினுக்கு எந்த எடத்துல வலிக்குது, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

மையத்தில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வெட்கம். வேறென்ன? எண்பத்திரண்டு போய்விட்டால் வெறும் சகாயம். இந்த ஊரில் கோயிலுக்கு ஒரு சகாயம் இருக்கிறார்.

அப்படியே இன்னும் சில வருஷம் ஓட்டியிருப்பார். ஷோபா கேக் கொண்டுவந்து கெடுத்தாள். கபடிக்காரி, அவர் வீட்டுக்குப் பக்கத்து லைன் வீட்டுப் பெண். மாநில முகாமுக்கு எண்பத்தைந்தும் அதற்கு மேலும் எடுத்தவர்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. மெஷின் ஷோபாவுக்குக் கொடுத்தது எண்பது. கோளாறுக்கு ஆறு கூட்டி எண்பத்தாறு. "மொதல் பீஸு உங்களுக்குத்தான் அங்கிள்" என்று அவர் வாயில் ஊட்டியே விட்டாள். மென்றுகொண்டே சகாயம் கணக்குப் போட்டார். முகாமிலும் சென்சார் கட்டித்தான் ஓடவிடுவார்கள். அங்கே சகாயம் கிடையாது, ஆறும் கிடையாது. எல்லார் எதிரிலும் எண்பது என்று படித்து, இந்தப் பெண்ணை வந்த பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நேராக மமதாவிடம் போனார். கோலாரிலிருந்து வந்து மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் அவர். வீட்டில் கன்னடம், மைதானத்தில் தமிழ்.

"மேடம், மிஷினு நல்லா கீது."

"ஹௌதா, அப்படியா? கம்பெனியில இருந்து ஃபோன் வந்துச்சா அண்ணா?"

"இல்ல மேடம். ரிப்பேரு நான்தான்."

மமதா சிரித்தார். சகாயம் ஜோக் அடித்து அவர் கேட்டதே இல்லை, அதனால் நன்றாகவே சிரித்தார். சகாயம் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். "செல்லுல வாச்சு கீதில்ல? அத்தப் புடிச்சுக்கினு நில்லுங்க. ஓடிக் காட்டறேன்."

மண்டை பிளக்கிற வெயிலில் ஓடினார். செல்லில் இருபது விநாடி சொச்சம். கம்ப்யூட்டரிலும் அதே இருபது சொச்சம். இன்ஜினியர் எழுதிவைத்துப் போன பழைய தாளில் சகாயத்தின் நேரம் பதினெட்டு. மமதா செல்லைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற சகாயத்தைப் பார்த்தார். அடக் கஷ்டமே! இந்த வருஷம் மட்டும் ஐம்பத்து நான்கு பிள்ளைகளுக்கு அந்த முட்டி மார்க் போட்டிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் போர்டில் எல்லோருக்கும் ஆறு ஆறாகக் குறைந்தது. ஷோபா எண்பது. பெயர் அனுப்ப இன்னும் ஒன்பது நாள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சகாயத்தின் எதிரில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அங்கிள், வயசாயிடுச்சுன்னு போன வருஷமே சொல்லியிருந்தீங்கன்னா நான் ஒழுங்கா ஓடியிருப்பேன்ல?"

"தப்புதாம்மா" என்றார் சகாயம்.

இனிமேல் செல் வாட்சை வைத்தே மெஷினைச் சரிபார்த்துக்கொள்ளலாம், நீங்கள் சிரமப்பட்டு ஓடவேண்டாம் அண்ணா என்றார் மமதா. அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சகாயத்துக்கு.

மறுநாள் கோன்களை அடுக்கிவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றபோது மணி ஆறு பத்து. ஷோபாவும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஷோபா முறைத்துக்கொண்டே காலை நீட்டினாள். கட்டிவிட்டார். ஓடினாள், எண்பது. மறுபடி ஓடினாள், எண்பத்தொன்று. மூன்றாவது முறை மறுபடியும் எண்பது. கோனை ஒரு உதை விட்டாள்.

"தனியா ஓடுனா வேகமே வரமாட்டேங்குது. யாராவது தொரத்தணும்."

கூட இருந்த பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவரவர் மார்க்குக்கு அவரவர் ஓட வேண்டியிருந்தது. சகாயம் தொண்டையைச் செருமினார்.

"எழுபத்தாறு தொரத்துனா பரவாயில்லியா?"

ஷோபா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பின்னாடி மூச்சு சத்தம் கேட்டா போதும்" என்றாள்.

சகாயம் இடுப்புப் பட்டையை எடுத்தார். மெஷின் வந்த நாளிலிருந்து வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, மூன்றாவது துளையிலேயே மாட்டிவந்த பட்டை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வயிற்றை அதன்போக்கில் விட்டு, ஐந்தாவது துளையில் மாட்டினார்.