அய்யாவின் பேரில் வாங்கிய மாத்திரைகள்

என் நோயைப் பற்றி நான் பேசத் தொடங்கும்போது பக்கத்தில் யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அதனாலேயே நெடுநாள் யாரிடமும் பேசவில்லை. பெருங்குடலில் புண். ஆளைக் கொல்லாது, ஆளை விட்டும் போகாது என்று மதுரை டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். சில மாதம் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு காலையில் வயிறு முறுக்கும், ரத்தம் போகும். ஓடி ஓடி மாளாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், கூடவே வரும் அலுப்பைத்தான் பொறுக்க முடியாது. தூங்கி எழுந்தாலும் தீராது. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறேன்.

அப்போது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. தீர்த்தமாடிவிட்டு ஈர வேட்டியோடு வருபவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளத்துக்காகவோ கோயிலுக்காகவோ நான் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எங்கே நின்றாலும் நாலு எட்டில் ஒரு கழிவறை இருந்தது. எனக்கு அது போதும்.

தெருமுனை மருந்துக்கடையில்தான் அவள் வேலை பார்த்தாள். காலியான மாத்திரை அட்டையை நான் நீட்டியதும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார்?" என்று கேட்டாள். மருந்துக்கடையில் எல்லோரும் கேட்பதுதான். ஆனால் அவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு கேட்டாள். முதல் பேச்சிலேயே மலத்தில் ரத்தம் போவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அய்யாவுக்கு" என்றேன்.

அய்யா முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க இப்போதும் மரமேறுகிறவர். அம்மா வருடக்கணக்கில் படுத்துக் கிடந்து போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் துண்டை விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை அவரை அங்கே படுக்க வைக்க மனமில்லாமல், என் நோயை அவரிடமும் மறைத்திருந்தேன்.

அடுத்த முறை போனபோது அவள் கேட்டாள். "அய்யாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நேத்துப் பூரா தூங்கலைங்க. வயித்தப் பிடிச்சுக்கிட்டே கெடந்தாரு."

"பால் குடிக்கிறாரா? நிறுத்தச் சொல்லுங்க. காரம்?"

"அவரு மொளகா வெவசாயி."

"அப்ப கஷ்டந்தான்" என்று சிரித்தாள்.

இப்படித்தான் முதல்முறையாக ஒருவரிடம் என் நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டியதை ஒவ்வொரு அட்டையாக வாங்கினேன். கேட்டால், "அய்யா தொலைச்சுப்புடுவாரு" என்பேன். அவள் அய்யாவுக்காக மோர்க்கஞ்சி காய்ச்சும் பக்குவம் சொன்னாள். ஒருநாள் கோபித்தும் கொண்டாள்.

"வயசானவர அங்கன தனியா விட்டுட்டு நீங்க இங்கன உக்காந்திருக்கீங்க. கூட ஒரு ஆளு வேணாமா அவருக்கு?"

அன்று அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, கவனிக்க ஆளில்லாத அந்த மனிதரை நினைத்து நானே வருத்தப்பட்டேன்.

தை அமாவாசைக்கு அம்மாவுக்குத் திதி கொடுக்க அய்யா வந்தார். லாட்ஜில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் மேசையை விட்டு நகர முடியவில்லை. கடலில் குளித்து, வரிசையில் நின்று, கால் பிடித்துக்கொள்ளவே, தைலம் வாங்க அய்யா தானாகவே தெருமுனைக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். அய்யா சொன்னது சுருக்கம். அவள் ஒன்றையும் விடவில்லை.

"எம் மகன் இந்தா இந்த லாட்ஜுலதான் இருக்கான்" என்று அய்யா பெருமையாகச் சொன்னதும், அவள் உள்ளேயிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

"உக்காருங்கய்யா. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இவ்வளவு கூட்டத்துல ஏன் வந்தீங்க? ரத்தம் போறது நின்னுருச்சா?"

"எங்கன தாயி ரத்தம்?"

"வெளிக்குப் போகையில."

அய்யா சட்டென்று எழுந்து தன் வேட்டியின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒன்றுமில்லை. "எனக்குத் தலவலி மாத்திரகூட ஆகாது தாயி" என்றிருக்கிறார். அவள் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டி, இதைத்தான் உங்களுக்கென்று உங்கள் மகன் வாங்குகிறார் என்றாள். இருவரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் விளங்கியது அய்யாவுக்குத்தான்.

லாட்ஜுக்கு வந்தவர் கூட்டம் கலையும்வரை சோபாவில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் போனதும் கேட்டார்.

"ஏலே, எத்தன வருசமா?"

சொன்னேன்.

"எம்பேரச் சொல்லி மாத்திர வாங்கத் தெரிஞ்சுச்சு. எங்கிட்டச் சொல்லத் தெரியலயா?"

அதற்கு மேல் திட்டவில்லை. எனக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை மேசையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டார். பஸ் ஏறும்வரை என் கையை விடவில்லை.

வெட்கத்தில் வேறு கடைகளில் தேடிப் பார்த்தேன். எங்கேயும் அந்த மாத்திரை இல்லை. கடைசியில் அவளிடமே போய் நின்றேன்.

"யாருக்கு சார்?" முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள்.

"எனக்கு."

"இத்தன நாளு சொன்னதுல எது அய்யாவோடது, எது உங்களோடது?"

"எல்லாமே என்னோடதுதாங்க."

"ஒவ்வொரு அட்டையா வாங்குனது?"

"அது உங்களப் பாக்க."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் எதையோ தேடுவதுபோல் நின்றாள்.

"அந்த மாத்திரை மேல்தட்டுல இருக்கு. உங்களுக்கு எடுத்துக் குடுக்க ஏணியில ஏறி எறங்கி எனக்கு முட்டி வலியே வந்துருச்சு. ஒரு மாசத்துக்குச் சேத்து வாங்கிக்கங்க. பேசணும்னா சும்மாவே வாங்க."

சும்மாவே போனேன். ஒரு வருடத்துக்குள் உச்சிப்புளிப் பக்கமிருந்த அவள் வீட்டுக்கு அய்யாவோடு பெண் கேட்டும் போனேன். அய்யா பாயில் உட்காருவதற்கு முன்னாலேயே, "எம் மகனுக்குக் கொடல்ல புண்ணு. அதச் சொல்லிட்டுத்தான் தண்ணியே குடிப்பேன்" என்றார்.

அவள் அம்மா என்னைப் பார்த்தார். "கொணமாயிருமா தம்பி?"

"ஆகாதும்மா. அடங்கும், திரும்ப வரும்."

"அப்ப எம்பொண்ணு காலம்பூரா கஞ்சி காச்சிக்கிட்டே கெடக்கணுமா?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "கடைக்கு வாரவுக முக்காவாசிப் பேருக்குத் தீராத நோவுதாம்மா. சக்கரை, பிரசரு. அவுகள்லாம் கலியாணம் பண்ணாமயா இருக்காக?"

அவள் அம்மா சமாதானமாகவில்லை. பல மாதம் வேறு வரன் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் தட்டிக்கழித்தாள். கடைசியில் சம்மதம் சொல்லி அனுப்பியபோது அவர் சொன்ன காரணம், "எனக்கும் அலைஞ்சு மாளல."

கல்யாணத்துக்கு முந்தின மாதம் நோய் கிளம்பியது. டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டில் முகம் பன்னு மாதிரி உப்பியது. பார்த்தவர்கள் எல்லாம், "கல்யாணக் கள வந்துருச்சு மாப்பிள்ளைக்கு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் கல்யாண போட்டோவில் நான் பார்க்க அத்தனை செழிப்பாக இருப்பேன். என் உடம்பு அவ்வளவு மோசமாக இருந்த வாரம் வேறில்லை.

முகூர்த்த நேரத்தில் மணையை விட்டு எழுந்து ஓடினேன். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கழிவறைக் கதவுக்கு வெளியே அய்யா நின்று, "வாராரு, வாராரு, மாப்பிள்ள வாராரு" என்று சபைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மணையில் அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

பிறகு ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டோம். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி. அவளுக்கு இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை, எனக்கு இன்னொரு லாட்ஜ். வாடகை வீடு பார்க்கப் போகும் இடமெல்லாம் அடுப்படியைப் பார்க்காமல் நேரே கழிவறையைப் போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சிரிப்பாகச் சொல்லக்கூடியவை இவ்வளவுதான். மற்ற நாட்கள் ஒன்று போல இன்னொன்று. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவள் தனியாகப் போவாள். "அவுகளுக்கு வேலை" என்று சொல்லிச் சொல்லி, எனக்கு ஓயாத வேலை என்று அவள் வீட்டில் பேராகிவிட்டது. தொண்டியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தவள், பட்டுச்சேலையை மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன என்றேன்.

"எனக்கு அலுப்பா இருக்கு" என்றாள். "உங்க மேல கோவமில்ல. நோயி மேலயும் இல்ல. கோவிச்சுக்க ஒரு ஆளு இருந்தாத் தேவல போல இருக்கு."

அதுவரை அலுப்பு என்பது என் நோயில் ஒரு பகுதி, எனக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்திருந்தேன். எழுந்து போய் ரசம் வைத்தேன். உப்பு இல்லை. அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முழுத்தட்டும் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து உடம்பு சொன்னபடி கேட்கும் நாட்களில் சமையல் என்னுடையது. ரசம் இப்போது பரவாயில்லை.

போன மாதம் மதுரையில் எனக்கு மருந்து ஏற்றிவிட்டு ரயிலில் திரும்பினோம். மானாமதுரை தாண்டும்போது அவள் தூங்கிப்போனாள். ஊர் வந்தால் எழுப்புகிறேன் என்று சொன்ன நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது உப்புக்காற்று அடித்தது. வண்டி மண்டபத்தில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

"நம்ம ஊர விட்டுட்டு வந்துட்டோம்" என்றேன்.

"ஊரு எங்கயும் போயிறாது. மொதல்ல ஒங்களுக்கு பாத்ரூம் இருக்கான்னு பாருங்க."

ஸ்டேஷனிலேயே இருந்தது. வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் டீ குடித்தாள். எனக்குப் பால் ஆகாது, வரக்காப்பி. வெயில் தாழ்ந்திருந்தது. ராமநாதபுரம் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கூவிவிட்டுப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை.

"அடுத்ததுல போவமா?" என்றாள்.

"போவோம்."

செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பெஞ்சின் மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் அலுப்பு. அடுத்த பஸ்ஸும் வந்தது. நாங்கள் ஏறவில்லை.