நான்கு அறைகளை இடித்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன். பாதி உண்மைதான் வந்தது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது பட்டாபிராமில். அப்பா ராணுவச் சரக்கு ரயில்கள் நிற்கும் சைடிங்கில் மூட்டை இறக்கினார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் சட்டை துவைத்ததும் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதும் அக்காதான். பள்ளியிறுதி முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சில வருடங்களில் அந்தக் கேன்டீனையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார். மாப்பிள்ளை பேச வந்தவர்களிடம், "தம்பி ஒரு நெலைக்கு வரட்டும், அப்பால பாக்கலாம்" என்பார். அப்புறம் யாரும் பேச வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், அப்பாவின் ஓய்வுப் பணம், தன் நகை, வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்து அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார். கீழே ஓட்டல், மாடியிலும் பின்பக்கத்திலுமாக இருபத்திரண்டு அறைகள். பத்திரத்தில் சரிபாதி என் பெயர். நான் கேட்கவே இல்லை.

ஓட்டல் நன்றாக ஓடியது. ஓடாதது தண்ணீர். கோடை வந்தால் கிணறு வற்றிவிடும். வாரத்துக்கு ஐந்து லாரித் தண்ணீர் வாங்கினோம். வாங்கிய தண்ணீர் குளியலறைகள் வழியாகப் பின்தெருவுக்கு ஓடித் தேங்கி நிற்கும். சம்பாதித்ததில் பெரும் பங்கு லாரிக்கும் விறகு மண்டிக்கும் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வைகாசி மாதக் காலையில் பின்தெரு சுலோச்சனா அம்மாள் ஒரு குடத்தோடு வந்தார். ஆட்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் குடத்தைக் கல்லா மேசையில் வைத்தார்.

"மோந்து பாரும்மா. உன் லாட்ஜில குளிச்ச சோப்புத் தண்ணி எங்க கிணத்துல வருது. இத்த குடிச்சுகினு நாங்க எப்படி ஊடு நடத்தறது?"

நான் எழுந்து, "அத்த முனிசிபாலிட்டில போய்ச் சொல்லு, போ" என்று விரட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து குடத்தை முகர்ந்தார். முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. அக்காவுக்கு வேறு விதமான அவமானம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அதன் பிறகு பல நாள் அக்கா கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தக் குழாய்த் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தார். எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. அதன் தண்ணீர் கல்வாழைப் புதருக்குள் போய் மறைவதையும் அங்கே நாற்றமே இல்லாததையும் கவனித்தவர் அக்காதான். ஒரு நாள் என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

"இந்த நாலு ரூமை இடிக்கணும்டா. தொட்டி கட்டி, மணலும் ஜல்லியும் கொட்டி, கல்வாழை வெக்கலாம். குளிக்கிற தண்ணி அதுல பூந்து வந்தா கக்கூசுக்கும் தரை கழுவவும் ஆவும். மாடில பேயற மழைய நேரா கிணத்துல உட்ரலாம்."

"இன்னாக்கா பேசற? காசு குடுக்கிற ரூமை இடிச்சிட்டு செடி வெப்பியா? ஊரே சிரிக்கும்."

"வாரத்துக்கு அஞ்சு லாரி தண்ணிய வாங்கி சாக்கடைல உடறோமே, அதுக்கு சிரிக்கலையா?"

பேச்சு வளர்ந்தது. கடைசியில் நான், "எம் பங்கக் குடுத்துடு, நீ இன்னாவோ பண்ணிக்கோ" என்றேன். அக்கா மறுபடி வங்கியில் கடன் வாங்கி என் பங்கைக் கொடுத்தார். அந்தப் பணத்தில் நான் வானகரத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, சொந்த ஓட்டல் திறந்தேன். திறப்பு விழாவுக்கு அக்காவை அழைக்கவில்லை.

அடுத்து நடந்தவற்றை நான் பார்க்கவில்லை. ஓட்டலில் ஆரம்பம் முதல் சமையல் செய்யும் லூர்து மாஸ்டர் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். நான்கு அறைகளையும் இடித்த முதல் வருடம் அக்கா மிகவும் கஷ்டப்பட்டிருக்கிறார். வருமானம் குறைந்தது, இரண்டு கடன் தலைமேல் நின்றது. தொட்டியில் முதலில் நாற்றம் வந்தது. மணலை அள்ளி வெளியே கொட்டி, ஆட்களோடு தானும் நின்று மறுபடி நிரப்பினார். எச்சில் இலையையும் மீந்த சோற்றையும் சாணத்தோடு கரைத்து எரிவாயு எடுக்கும் கலன் ஒன்றைப் புதைத்தார். இட்லி அடுப்பு அதில்தான் எரிந்தது. பிறகு மொட்டை மாடியில் வெயிலில் சூடாகும் வெந்நீர்ப் பெட்டிகள் வந்தன. விறகு வண்டி வருவது நின்றது.

இரண்டு மழைக்காலம் போனதும் கிணற்றில் நீர் நின்றது. அதன் பிறகு வந்த கடும் கோடையில் சுற்றியிருந்த லாட்ஜுகள் கதவைச் சாத்தின. அக்காவின் குழாய்களில் தண்ணீர் வந்தது. தொழிற்சாலைக்காரர்கள் வெளியூரிலிருந்து வரும் தங்கள் ஆட்களுக்கு மாதக்கணக்கில் அறை பிடித்தார்கள். பதினெட்டு அறைகளும் எப்போதும் நிரம்பியிருந்தன. இருபத்திரண்டு அறைகள் ஒரு நாளும் தராத லாபத்தை அந்தப் பதினெட்டு தந்தன. கடனைக் கெடுவுக்கு முன்பே கட்டப்போனபோது வங்கி மேலாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

"ரூம் கொறஞ்சிருக்கு, வாடகையும் ஏத்தல. எங்கேருந்தும்மா பணம் வருது?"

"வர்றது பெருசா ஏறல சார். போறது நின்னுடுச்சி. வந்து பாருங்க" என்று அழைத்து வந்து கல்வாழைத் தொட்டியையும் கிணற்றையும் காட்டினாராம். ஆட்களின் சம்பளத்தை அந்த மாதமே உயர்த்தினார். பின்தெருவுக்கு ஒரு அடிபம்பு போட்டுக் கொடுத்தார்.

அதே கோடையில்தான் என் ஓட்டல் மூடியது. லாரித் தண்ணீருக்குக் கொடுத்தே நொடித்துப்போனேன். பூட்டிய ஓட்டலுக்குள் மேசைகளை விலைபேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா வாசலில் வந்து நின்றார். பேருந்தில் வந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். வெயிலில் வந்ததால் என்று நினைத்தேன்.

"அம்பத்தூருக்கு வாடா. ஓட்டலப் பாத்துக்க ஆளு வேணும்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் தண்ணி ஜெயிச்சிடுச்சின்னு சொல்லிக் காட்ட வந்தியா?"

"இல்லடா" என்றார். "புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுதா?" என்று கேட்டார். நான் மேசை விலையைப் பேசத் திரும்பிக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். ஒரு சொம்பு தண்ணீர் கூட நான் கொடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து லூர்து மாஸ்டர் வந்து என் சட்டையைப் பிடித்தார். "உன் அக்காவுக்கு மார்ல கட்டிப்பா. வானகரம் வந்தப்பவே அதுக்குத் தெரியும். உன்னாண்ட சொல்லத்தான் வந்துச்சி. இன்னா சொல்லி அனுப்சே நீ?"

அன்றே ஓடினேன். அக்கா கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எயுந்துருடா, வேலையக் கத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பணத்துக்குக் குறைவில்லை. பெரிய மருத்துவமனை, நல்ல மருந்து, எல்லாவற்றுக்கும் அந்தத் தொட்டியும் கிணறும் மாடிப் பெட்டிகளும் மிச்சம்பிடித்துத் தந்த பணம் இருந்தது. மருத்துவர்கள் சொன்னதை எல்லாம் செய்தோம். அக்கா தன் பங்காக ஒவ்வொரு பருக்கையும் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டார். ஆனால் நோய் முற்றியிருந்தது. நான் திரும்பி வந்த ஏழாவது மாதம், ஞாயிறு ஆராதனை மணி அடித்துக்கொண்டிருந்தபோது, என் கையில் தலை சாய்த்தார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. என் படிப்பு, என் ஓட்டல், என் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் எல்லாம் அக்காவிடமிருந்து வந்தது. வானகரத்தில் ஓட்டல் மூடிய பிறகும் பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டிவந்தது அக்காதான் என்பது பள்ளியில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவு பகலாக உடனிருந்த என் மனைவிக்கு, அக்காவைத் தன் மகளாகவே பார்த்துக்கொண்ட லூர்து மாஸ்டருக்கு, மறுபடி தெளிந்த தங்கள் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து அக்காவைக் குளிப்பாட்டிய சுலோச்சனா அம்மாளுக்கும் பின்தெருப் பெண்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்த தொழிற்பேட்டை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து மருந்து விற்க வந்து எங்கள் லாட்ஜில் தங்கும் ஐயா அவர். அடக்கம் முடிந்த மறுவாரம் பையோடு வந்து, "எங்கேப்பா, கல்லாவுல அம்மாவைக் காணோம்?" என்று கேட்டார். "வெளிய போயிருக்காங்க சார், வந்துடுவாங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும், நான் சொன்னதையே நம்பிக்கொண்டு, நானும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐயா, அன்று உங்களிடம் பொய் சொன்னேன். இந்த மலரை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி