விலாசங்களைக் காத்த பானு

செம்மலையின் காரைக்குடி அச்சகத்தில் பர்வீன் பானு கணினியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. பள்ளத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பேச்சில் சிக்கனம், சந்தேகத்தில் தாராளம். நகல் எடுத்து வைக்காமல் எந்தக் கோப்பையும் தொடமாட்டாள். "காக்கா தூக்கிட்டுப் போயிருமாக்கும்!" என்று செம்மலை கேலி செய்வார்.

செட்டிநாட்டுப் பத்திரிகை லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வீட்டு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், வரிசை பிசகாமல் வரவேண்டும். ஓர் எழுத்து இடம் மாறினால் அது வேறு வீடு. அப்புறம் சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது. அப்படி ஆயிரத்து நானூறு விலாசங்களைப் பானு ஒரே கோப்பில் சேர்த்திருந்தாள். இரண்டெழுத்தைத் தட்டினால் முழு விலாசமும் வந்து நிற்கும்.

புது மென்பொருள் போட மதுரையிலிருந்து அழகுசுந்தரம் வந்தான். அன்றைக்கே கண்டனூர் உமையாள் ஆச்சி வீட்டுப் பத்திரிகை நாலு மணிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

"ஸ்கிரிப்ட்னு ஒரு சின்ன நிரல் இருக்கு, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்க்கா. பத்தே நிமிஷம்."

"பழைய கோப்பு மேலயே எழுதிருமா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"ஆகாட்டி நல்லது. கொஞ்சம் அங்குட்டு நகருங்க தம்பி."

மொத்தத்தையும் பென் டிரைவில் ஏற்றினாள். நகலைத் திறந்து நாலு விலாசம் சரிபார்த்தாள். பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அழகுசுந்தரம் கொட்டாவி விட்டான்.

பத்து நிமிஷம் கழித்து இரண்டெழுத்தைத் தட்டினாள். இரண்டெழுத்துதான் நின்றது. கோப்பைத் திறந்தால் மென்பொருளோடு வந்த மூன்று மாதிரி வரிகள். அழகுசுந்தரத்துக்கு முகம் வெளிறியது. செம்மலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் உமையாள் ஆச்சி.

"என்ன செம்மலை, ஆச்சா?"

"வந்துட்டீகளா ஆச்சி..." செம்மலை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பானு கைப்பையைத் திறந்தாள். நகலைப் பழைய இடத்தில் போட்டாள். தட்டினாள். விலாசங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மூன்றரைக்கெல்லாம் ஆச்சி கையில் தாள். விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"ஒரு புள்ளி பிசகலையேத்தா!"

பானுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செம்மலை தாமே போய் டீ வாங்கி வந்தார். முதல் டம்ளர் அவளுக்கு.

மறுவாரம் அழகுசுந்தரம் போன் செய்தான். "அக்கா, ஸ்கிரிப்ட்டை மாத்தி எழுதிட்டேன். இனிமே எந்த ஊர்ல ஓடுனாலும் பழசை முதல்ல ஒரு ஃபோல்டர்ல நகல் எடுத்துட்டுத்தான் புதுசைப் போடும்."

"அப்படிப் போடுங்க! ஃபோல்டருக்கு என்ன பேரு வச்சீங்க?"

"பானுன்னுதான்க்கா."