மார்லீஸுக்கு இந்த வெளிச்சம் போதும்

மார்லீஸ் மாடிப்படி ஏறி வரும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளுக்கு யார் மேல் கோபம் என்று சொல்லிவிடுவேன். பயணிகள் மேல் என்றால் குதிகால் சத்தம். டிப்போ மேலாளர் மேல் என்றால் கதவுச் சத்தம். ஜெர்மனியில் எங்கள் ஹெர்ன நகரத்துப் பேருந்தை ஓட்டி ஓட்டியே தலை நரைத்தவள். கோபம் இல்லாமல் ஏறி வந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். எதிர்வீட்டுக் கிழவி நான், அடுப்பில் சூப் ஏற்றிவிடுவேன்.

ஆனால் இப்போது நான் சொல்லப்போகிற கோபம் வேறு. அதில் எனக்கும் பங்கு உண்டு. இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு மேல்மாடியில் அண்ணன் ஹோல்கர் இருந்தான். தபால் பிரிக்கிற வேலை, கல்யாணம் இல்லை, சத்தமும் இல்லை. சுவர் அளவுக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தான். அதில் மீனைவிடப் பவளம்தான் அதிகம். வியாழக்கிழமை தோறும் பியர்க்கடைப் பின்னறையில் கூடுகிற கடல்தொட்டிச் சங்கத்துக்குப் போவான். அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உன் பவளம் வளர்ந்தால் ஒரு துண்டை வெட்டி அடுத்தவருக்குச் சும்மா கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு உன் தொட்டி கெட்டுப்போனால் அவரிடம் போய்க் கேட்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மறுத்தவன் அந்தப் பின்னறைக்குள் மறுபடி காலெடுத்து வைக்க முடியாது.

போன குளிர்காலத்தில் ஹோல்கருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. போய்விட்டான். வீட்டுக்காரர் மாடியைக் காலி செய்யச் சொன்னார். சங்கத்து ஆட்கள் வாளிகளோடு வந்து எல்லாவற்றையும் பங்கு போட்டு இறக்கினார்கள். தலைவர் ஓர்ட்வின் கடைசி வாளியைக் காட்டிக் கத்தினார்.

"மார்லீஸைப் பார்த்துப் பிடிங்கப்பா! இன்னிக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா!"

கீழ்ப்படியில் நின்ற மார்லீஸ் திரும்பினாள். "யாருய்யா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கறது?"

ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். வாளியில் இருந்தது காளான் மாதிரி குடை விரிக்கும் ஒரு பச்சைப் பவளம். காரணமே இல்லாமல் ஒரு வாரம் சுருங்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி விரியும். ஹோல்கர் அதற்குத் தங்கையின் பெயரை வைத்திருந்தான். அவன் வெட்டிக் கொடுத்த துண்டாகச் சங்கத்தில் பாதிப் பேர் வீட்டில் ஒரு மார்லீஸ் இருந்தாள்.

கேட்டதும் அவள் முகம் சிவந்தது. திட்டுவதற்கு அண்ணன் உயிரோடு இல்லையே என்று இன்னும் சிவந்தது. வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கும்."

"இது பூனைக்குட்டி இல்ல, கண்ணு" என்றார் ஓர்ட்வின்.

"ஐஸ் ரோட்டுல அவ்வளவு நீளப் பஸ்ஸை ஓட்டறேன். ஒரு குடைக்காளானை வளர்க்க மாட்டேனா? வழியை விடுய்யா."

நோயாளிப் பவளங்களுக்காக ஹோல்கர் வைத்திருந்த சின்னத் தொட்டி அவளுக்குக் கிடைத்தது. ஆனால் விளக்கு இல்லை. பெரிய தொட்டியின் விளக்கு பெரிய தொட்டியோடு போயிற்று. இந்தப் பவளங்களுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஓர்ட்வின் ஒரு விளக்கைச் சொன்னார், அவருடைய மருமகன் கடையில் விற்பது. விலையைக் கேட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மார்லீஸ் பேருந்தில் தினமும் பார்க்கிற ஒரு ஆளிடம், தொட்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டவரிடம், பழைய எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி வந்தாள். கறுப்புப் பெட்டி, இரண்டு திருகு, ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. அந்த நீலம் பார்க்க மங்கலாகத்தான் இருந்தது, மழைநாள் சாயங்காலம் மாதிரி. ஆனால் மார்லீஸ் அதன் கீழே குடை விரித்தாள். பவளத்தைச் சொல்கிறேன்.

ஓர்ட்வின் பார்க்க வந்தார். என் கேக்கைத் தின்றுகொண்டே சிரித்தார்.

"இது விளக்கா? சைக்கிள் டைனமோ! ரெண்டு திருகையும் முழுசாத் திருகு. அப்பவும் பத்தாது. பாவம், ஹோல்கரோட பவளம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது. இரண்டையும் முழுசாகத் திருகினாள்.

கொஞ்ச நாளில் பச்சை வெளிறியது. தொலைபேசியில் கேட்டாள். "சொன்னேனே கண்ணு, வெளிச்சம் பத்தல. பட்டினி. இன்னும் கீழே இறக்கு" என்றார். இறக்கினாள். மஞ்சளாயிற்று. குடையின் ஓரம் நைந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. பிறகு சுண்ணாம்பு நிறம். வாரத்துக்கு ஒரு தடவை அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, மருமகன் தவணைக்கும் கொடுப்பான் என்றார். மார்லீஸ் படியேறும் சத்தம் எனக்குக் கேட்காமல் போயிற்று. சூப் கொண்டுபோனேன். தொடவில்லை.

"அவன் ஞாபகமா இருந்தது இது ஒண்ணுதான், பெரியம்மா. என் கஞ்சத்தனத்தால கொன்னுட்டேன். நாளைக்குப் போய் அந்த விளக்கை வாங்கிடறேன்."

வாங்கியிருப்பாள். அதற்கு முன்னால் தொட்டியைக் கழுவிவிடலாம் என்று கல்லை நகர்த்தினாள். கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

கல்லுக்குப் பின்னால், நிழலில், விரல் நகம் அளவு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. குடை ஓரத்திலிருந்து உதிர்ந்து விழுந்தது. பச்சைப் பசேல் என்று, குட்டிக் கைகளை எல்லாம் நீட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"அதே தண்ணி, அதே உப்பு, அதே விளக்கு" என்றாள் மெதுவாக. "வெளிச்சம் படாத இடத்துல மட்டும் உசுரோட இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "பெரியம்மா! உங்க தக்காளி!"

"என் தக்காளிக்கு என்ன?"

"சமையலறை ஜன்னல்ல வளர்த்த நாத்தைத் தூக்கி நேரா மே மாச வெயில்ல வச்சீங்களே! வெளுத்துப் போச்சே!"

"அது நத்தை தின்னது."

"நத்தை வெள்ளையடிக்குமா?"

நத்தைதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பவளத்தின் விஷயத்தில் அவள் சொன்னது சரி. அந்த நீலம் நம் கண்ணுக்குத்தான் மங்கல். தண்ணீருக்குள் இருக்கிறதுக்கு அது நடுப்பகல். விளக்கு பத்தாமல் இல்லை. மிஞ்சிப்போய்ப் பொசுக்கியிருக்கிறது.

படியிறங்கினாள் பாருங்கள், சுவரில் மாட்டியிருந்த என் கல்யாணப் படம் கோணியது. வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் செத்த வெள்ளைத் துண்டு, இன்னொன்றில் பச்சைத் துண்டு. அன்றைக்கு வியாழக்கிழமை. நானும் கூடப் போனேன், கோட்டுப் பொத்தான் கூடப் போடாமல்.

பின்னறையில் எல்லோரும் வெங்காயம் போட்ட பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். மார்லீஸ் இரண்டு பாட்டிலையும் ஓர்ட்வின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீ சொன்னபடி வெளிச்சத்துல வச்சது. இது கல்லுக்குப் பின்னால இருட்டுல விழுந்து கிடந்தது. எது பட்டினி கிடந்துச்சு, சொல்லுய்யா!"

அவர் ரொட்டியை மென்று விழுங்கினார். "புதுசா வர்றவங்க எல்லாம் இப்படித்தான். ஒரு துண்டை வச்சிக்கிட்டு வாதாட வந்துடுவாங்க."

அப்போது மூலையிலிருந்து ஹன்னலோரே என்ற அம்மாள், வாயே திறக்காதவள், பேசினாள். "எனக்கும் முழுசாத் திருகுன்னுதான் சொன்னீங்க, ஓர்ட்வின். எல்லாம் வெளுத்துச்சு. அப்புறம் உங்க மருமகன்கிட்ட வாங்கினேன்."

"நானும்தான்" என்றார் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஓர்ட்வின் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த விஷயம் கோடைச் சுற்றுலா என்றார். தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று மார்லீஸும் நானும் வீடு வரும்வரை சண்டை போட்டோம். தெரியாமல் என்கிறாள் அவள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாதவன் எதற்கு வாரா வாரம் தவணையைப் பற்றிப் பேசுகிறான்?

பெரிய பவளம் பிழைக்கவில்லை. மார்லீஸ் நாய்ச் சங்கிலியால் விளக்கை உயரத் தூக்கிக் கட்டினாள். திருகுகளைக் கால்வாசியில் நிறுத்தினாள். பச்சைத் துண்டைத் தொட்டியின் அடியில் வைத்தாள். அதே மலிவு விளக்குதான். இப்போது அந்தத் துண்டு ஒரு உள்ளங்கை அளவு குடை விரித்திருக்கிறது. நடுநடுவே ஒரு வாரம் சுருங்கும். அப்போது அவளும் என்னோடு பேசுவதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர்ட்வின், கையில் காலி வாளி. அவருடைய மார்லீஸ் செத்துவிட்டாள். பம்ப் நின்றுபோயிற்றாம். அவர் புதுசாக இன்னும் பெரிய விளக்கு மாட்டினார் என்று ஹன்னலோரே எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"ஹோல்கரோட துண்டு இப்ப உங்கிட்ட மட்டும்தான் நல்லா இருக்காம்" என்றார், கால்மிதியைப் பார்த்துக்கொண்டு.

"கதவைச் சாத்து" என்றேன் நான் உள்ளேயிருந்து. நானாக இருந்தால் சாத்தியிருப்பேன்.

மார்லீஸின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிறகு உள்ளே வந்து கத்தியை எடுத்து, பச்சைக் குடையிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். கேட்டால் மறுக்கக் கூடாது, ஹோல்கர் அப்படித்தான் கொடுத்தான். ஊறுகாய் பாட்டிலில் போட்டு அவர் வயிற்றில் இடித்த மாதிரி நீட்டினாள்.

"அடியில வை. விளக்கைக் குறை. என்னை இனி கண்ணுன்னு கூப்பிடாதே."

"சரி."

"பேர் சொல்லிக் கேளு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "மார்லீஸ், ஒரு மார்லீஸ் கொடு."

"இந்தா. போ."

பாட்டிலுக்குள் அது அப்போதே சுருங்கிவிட்டது. அவர் வீட்டில் வாரக்கணக்கில் விரியவில்லையாம். செத்ததா, வெறும் கோபமா என்று தெரியாமல் தினமும் தொட்டி முன்னால் குந்தியிருந்தாராம். மார்லீஸைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கூப்பிடத் துணிவில்லை.

இப்போது விரிந்துவிட்டதாக ஹன்னலோரே சொன்னாள். அவருடைய விளக்கு மங்கலாக எரிகிறதாம்.